ஒரே பாட்டு, பல பதிவுகள்: "ட்ரை எ லிட்டில் டெண்டர்னெஸ்" எதில் தொடங்குவது?

அமெரிக்கக் கறுப்பர்களின் தேவாலயப் பாட்டிலிருந்து வளர்ந்த சோல் இசையைப் புதிதாகக் கேட்க வருபவர்களிடம் நான் முதலில் சொல்கிற பாட்டு ஒன்றுதான்: "ட்ரை எ லிட்டில் டெண்டர்னெஸ்". பாட்டின் பெயரைச் சொல்லிவிடுவது சுலபம். எந்தப் பதிவைக் கேட்பது என்பதில்தான் ஆள் தடுமாறிப் போகிறார். யூடியூபில் தேடினால் பிங் கிராஸ்பி வருகிறார், ஃபிராங்க் சினாட்ரா வருகிறார், அரீத்தா ஃபிராங்க்ளின் வருகிறார், சோல் பாடகர் ஓட்டிஸ் ரெட்டிங் ஒருவரே மூன்று நான்கு விதமாக வருகிறார். கிராஸ்பியைக் கேட்டவரும் ஓட்டிஸைக் கேட்டவரும் உட்கார்ந்து பேசினால், நாம் ஒரே பாட்டைப் பற்றித்தான் பேசுகிறோமா என்று இருவருக்கும் சந்தேகம் வந்துவிடும்.

வேறு பல பாட்டுகளுக்கு இந்தக் கவலையே வேண்டாம், எதைக் கேட்டாலும் சரிதான். இங்கே அப்படி இல்லை. சோர்ந்து போன ஒரு பெண்ணிடம் கொஞ்சம் கனிவாக இரு என்று ஆண்களிடம் சொல்கிற பாட்டு இது. அதை ஓட்டிஸ் ரெட்டிங் கடைசியில் தொண்டை கிழியக் கத்திப் பாடுகிறார். அந்தக் கத்தலும் கனிவுதான் என்று ஒருவருக்குப் புரியுமா, வெறும் ஆர்ப்பாட்டம் என்று தோன்றுமா என்பது, எந்தப் பதிவு முதலில் காதில் விழுந்தது என்பதைப் பொறுத்துத்தான் அமைகிறது. அதனால்தான் இத்தனை விரிவாக ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

பாட்டு பிறந்தது சோல் இசை என்ற ஒன்று உருவாவதற்கு வெகு காலம் முன்பு. வருடம் 1932, பொருளாதாரப் பெருமந்தத்தின் மிக மோசமான கட்டம். எழுதியவர்கள் மூன்று பேர்: ஜிம்மி கேம்ப்பெல், ரெஜ் கானலி என்ற ஆங்கிலேயர்கள் இருவர், ஹாரி வுட்ஸ் என்ற அமெரிக்கர். கேம்ப்பெலும் கானலியும் "இர்விங் கிங்" என்ற ஒரே புனைபெயரில் எழுதுவார்கள். ஹாரி வுட்ஸுக்குப் பிறவியிலேயே இடது கையில் விரல்கள் கிடையாது. அந்தக் கையை வைத்துக்கொண்டே பியானோ வாசித்து, அந்தக் காலத்தில் வீட்டுக்கு வீடு முணுமுணுத்த பாட்டுகளைப் போட்டவர். 1932 டிசம்பரில் லண்டனில் ரே நோபிள் இசைக்குழு முதல் பதிவைச் செய்தது, பாடியவர் வேல் ரோசிங். அடுத்த ஆண்டே பிங் கிராஸ்பி அமெரிக்காவில் பாடினார்.

பாட்டில் வரும் பெண்ணை அந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும். அவளிடம் இருப்பது அதே பழைய உடுப்பு. அவள் ஆசைப்படுகிற பொருள்கள் ஒருநாளும் அவள் கைக்கு வரப் போவதில்லை, அது அவளுக்கும் தெரியும். சம்பளம் குறைந்து, வேலை போய், வீட்டுக்கு வீடு மனக்கசப்பு இருந்த காலத்தில் எழுதியது. கையில் காசு இல்லாதவனும் கொடுக்கக்கூடியது ஒன்று உண்டு, மென்மையாக ஒரு வார்த்தை. பாட்டு சொல்வது அவ்வளவுதான். காதல் பாட்டு என்றாலே நிலவும் ரோஜாவும் என்று இருந்த காலத்தில், புடவை வாங்கிக் கொடுக்க முடியாதவனின் குடும்பத்தைப் பற்றிய காதல் பாட்டு இது என்று நம் பாஷையில் சொல்லிக்கொள்ளலாம்.

இனி பதிவுகளுக்கு வருகிறேன்.

பிங் கிராஸ்பியின் 1933 பதிவுக்கு ஒரு பெரிய சௌகரியம் உண்டு. ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழும். ஆங்கிலப் பாட்டில் வரிகள் பிடிபடவில்லை என்று தயங்குகிறவர்களுக்கு இது உபயோகமான பதிவு. இசைக்குழு இதமாகப் பின்னால் நிற்கிறது, அவர் காதருகே பேசுவது போலப் பாடிவிட்டுப் போகிறார். ஆனால் அவர் குரலில் ஒரு பெரியவர் அறிவுரை சொல்கிற தோரணைதான் இருக்கிறது. அந்தப் பெண்ணை அவருக்குத் தெரிந்த மாதிரி இல்லை. சினாட்ரா 1946இல் வெளிவந்த தன் முதல் ஆல்பத்தில் பாடியதும் கிட்டத்தட்ட இதே வகை, இன்னும் பட்டுப்போன்ற குரல். இரண்டையும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இவற்றில் தொடங்குகிறவர், "நல்ல பழைய பாட்டு" என்று சொல்லிவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்.

அரீத்தா ஃபிராங்க்ளினின் 1962 பதிவு வேறு காரணத்துக்காகக் கேட்க வேண்டியது. அப்போது அவருக்கு வயது 20. கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்தில் இருந்தார். அங்கே அவரை நாகரிகமான ஜாஸ், பாப் பாடகியாக்கிப் பார்க்கத்தான் முயன்றுகொண்டிருந்தார்கள். பின்னால் வயலின்கள், மேலே தேவாலயத்தில் வளர்ந்த குரல். இரண்டும் சேரவில்லை. ஆனால் பெண் ஒருத்தி இந்த வரிகளைப் பாடும்போது பொருள் திரும்பிக்கொள்கிறது. ஆண்களுக்குச் சொன்ன யோசனை, இப்போது பாதிக்கப்பட்டவளே கேட்கிற கேள்வியாகிவிடுகிறது. இதற்காகவே ஒருமுறை கேட்கலாம். அவர் அட்லாண்டிக் நிறுவனத்துக்கு மாறி 1967இல் "ரெஸ்பெக்ட்" பாட்டால் உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தார். அந்தப் பாட்டை எழுதி 1965இல் முதலில் பாடியவர் யார் தெரியுமா? இதே ஓட்டிஸ் ரெட்டிங். ஓட்டிஸின் பாட்டை அரீத்தாவும், அரீத்தா பாடியதை ஓட்டிஸும் எடுத்துக்கொண்ட கணக்கு அது.

தேவாலயப் பாட்டிலிருந்து சோலுக்கு வந்த பாடகர் சாம் குக்கின் விஷயம் கொஞ்சம் சிக்கலானது. 1964 ஜூலையில் நியூயார்க்கின் கோப்பகபானா கிளப்பில் அவர் பாடியது நேரடி ஆல்பமாக வந்தது. அதில் இந்தப் பாட்டு முழுதாக இல்லை. வேறு இரண்டு காதல் பாட்டுகளோடு கோத்து, முன்னுரை மாதிரி கொஞ்சம்தான் பாடுகிறார். சாப்பாட்டு மேசைகளில் வசதியான வெள்ளையர்கள் உட்கார்ந்திருக்கும் கிளப். அந்த இடத்துக்கு ஏற்ற வழுவழுப்பு அவர் குரலில் இருக்கிறது. ஆனாலும் வரியின் கடைசியில் சொல்லை ஒரு சுற்றுச் சுற்றி இறக்குகிறாரே, அங்கே தேவாலயம் எட்டிப் பார்க்கிறது. ஓட்டிஸுக்கு சாம் குக் குரு ஸ்தானத்தில் இருந்தவர். 1964 டிசம்பரில் சாம் குக் சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டு ஓட்டிஸ் வெளியிட்ட "ஓட்டிஸ் ப்ளூ" ஆல்பத்தில் சாம் குக்கின் பாட்டுகள் மூன்று இருந்தன. இந்தப் பாட்டு சினாட்ராவின் உலகத்திலிருந்து ஓட்டிஸின் உலகத்துக்கு நடந்து வந்த பாலம் இந்தப் பதிவு. பாலத்தை முதலில் பார்ப்பதில் பிரயோஜனமில்லை. இரண்டு கரையும் தெரிந்த பிறகு பார்த்தால்தான் அதன் அருமை தெரியும்.

அப்புறம் 1966 செப்டம்பர், டென்னஸி மாநிலம் மெம்ஃபிஸ் நகரம், ஈஸ்ட் மெக்லிமோர் அவென்யூ. ஓட்டிஸ் இந்தப் பாட்டைப் பதிவு செய்த ஸ்டாக்ஸ் நிறுவனத்தின் ஸ்டுடியோ பழைய சினிமா தியேட்டர் ஒன்றில் இயங்கியது. நாற்காலிகளைப் பிடுங்கிவிட்டார்கள், தரையின் சரிவு அப்படியே இருந்தது. நேர்த்தியாகச் சதுரம் பார்த்துக் கட்டிய ஸ்டுடியோக்களில் வராத ஒரு ஆழம் அந்த இடத்தின் ஒலிக்கு இருந்தது. வாசித்த புக்கர் டி. அண்ட் தி எம்.ஜி.'ஸ் குழுவில் கறுப்பர் இருவர், வெள்ளையர் இருவர். இனப் பாகுபாடு ஊறிப்போன ஊரில் அந்தக் கட்டடத்துக்குள் அவர்கள் தினமும் ஒன்றாக உட்கார்ந்து வேலை செய்தார்கள். ஓட்டிஸ் அங்கே முதன்முதலில் 1962இல் வந்தது ஜானி ஜென்கின்ஸ் என்ற கிதார் கலைஞரின் வண்டியை ஓட்டிக்கொண்டு. அன்றைய பதிவின் கடைசியில் மிஞ்சிய நேரத்தில் பாட வாய்ப்புக் கிடைத்தது. நான்கு வருடம் கழித்து இந்தப் பாட்டைப் பதிவு செய்தபோது அவருக்கு 25 வயது.

இந்தப் பதிவைத்தான் நான் முதலாவதாகச் சொல்வேன். ஏன் என்று கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம்.

தொடக்கத்தில் ஊது வாத்தியங்கள் மட்டும். டிரம்பெட்டும் சாக்ஸஃபோன்களும் அவசரமே இல்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து வருகின்றன. பாட்டை இப்படி வடிவமைத்ததில் ஐசக் ஹேஸுக்குப் பெரிய பங்கு உண்டு. அப்போது அவர் ஸ்டாக்ஸில் கீபோர்டு வாசித்துக்கொண்டும் பாட்டெழுதிக்கொண்டும் இருந்தவர், நட்சத்திரமானது பிறகுதான். ஓட்டிஸ் பாட்டுகளில் பொதுவாகக் கோரஸ் பாட ஆள் இருக்காது, அந்த வேலையை இந்த ஊது வாத்தியங்கள்தான் செய்யும். அவை என்ன வாசிக்க வேண்டும் என்று ஓட்டிஸ் தானே வாயால் பாடிக் காட்டுவார்.

அவை ஓய்ந்ததும் குரல் வருகிறது. முதல் சரணம் முழுக்க டிரம்ஸ் இல்லை. நம் கச்சேரியில் தாளமில்லாமல் விருத்தம் பாடி, சொல்லை நீட்டி, நிறுத்தி, ரசிகனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்ட பிறகு மிருதங்கம் சேருமே, அந்த முறைதான் இங்கேயும். ஓட்டிஸ் வரிகளை எழுதியபடி பாடுவதில்லை. ஓரிடத்தில் சொல்லை மாற்றுகிறார், ஓரிடத்தில் மூச்சு விடுகிறார், தனக்குத் தெரிந்த ஒரு பெண்ணைப் பற்றி நம்மிடம் சொல்லத் தயங்கித் தயங்கிச் சொல்கிறவர் போல இருக்கிறது. கிராஸ்பியிடம் இல்லாதது இதுதான். அவளுடைய சோர்வு இவருக்குத் தெரிந்திருக்கிறது.

இரண்டாவது சரணம் தொடங்கும் இடத்தில் ஒரு சின்னச் சத்தம் நுழைகிறது. டிக், டிக், டிக், டிக். டிரம்ஸ் கலைஞர் அல் ஜாக்சன் ஜூனியர் குச்சியால் டிரம்மின் விளிம்பைத் தட்டுகிறார். வேறு ஒன்றும் செய்வதில்லை. குரல் இன்னும் மெதுவாகத்தான் போகிறது, ஆனால் இந்தத் தட்டல் அதைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் ஓடுகிறது. பாடுகிறவர் பொறுமையாக இருக்கிறார், அவருக்குள் ஏதோ ஒன்று பொறுமை இழந்துகொண்டிருக்கிறது. எனக்கு இந்தப் பாட்டின் உயிர் இங்கேதான். ஸ்டீவ் கிராப்பரின் கிதார் இரண்டு சுரம், மூன்று சுரம் என்று இடையிடையே பதில் சொல்கிறது. வாய்ப்பாட்டு மெல்ல மெல்ல அந்தத் தட்டலின் வேகத்துக்கு ஏறி வருகிறது. ஊது வாத்தியங்கள் படிப்படியாக மேலேறுகின்றன. டிரம்ஸ் முழுதாக வெடிக்கும் நேரத்தில் ஓட்டிஸுக்கு வரிகள் போதவில்லை. அவளை அணைத்துக்கொள், சீண்டாதே, விட்டுப் போகாதே என்று சொல்லிப் பார்க்கிறார், பிறகு வெறும் அசைகளாகவே கொட்டுகிறார். மூன்றே முக்கால் நிமிடம் போலத்தான் மொத்தப் பாட்டும். குரல் உச்சத்தில் இருக்கும்போதே ஒலி குறைந்து முடிந்துவிடுகிறது.

இந்தப் பதிவில் முதல் பாதி அடக்கமாக இருப்பதால்தான் இரண்டாம் பாதியின் கத்தல் நமக்குள் இறங்குகிறது. ஒருவன் தன் மனைவியிடமோ காதலியிடமோ அன்பாக இருக்க வேண்டியதை மற்ற ஆண்களிடம் இத்தனை கெஞ்ச வேண்டியிருக்கிறதே என்ற தவிப்பு அது. 1932இல் எழுதியவர்கள் இதை எதிர்பார்த்திருக்க வழியில்லை. ஆனால் அவர்கள் எழுதியதற்கு எதிராக ஓட்டிஸ் எதுவும் செய்யவில்லை. அந்தப் பெண்ணின் கஷ்டத்தை அவர்களைவிடப் பெரிதாக எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான். வெளியானபோது அமெரிக்க இசைப் பத்திரிகையான பில்போர்டின் ஆர் அண்ட் பி (கறுப்பின இசை) பட்டியலில் 4ஆம் இடம், பொதுப் பட்டியலில் 25. இதன் இன்றைய மதிப்புக்கு அந்த 25 ரொம்பக் குறைவாகத் தோன்றும்.

கேட்பதில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். போன் ஸ்பீக்கரில் வேண்டாம். முதல் சரணத்துக்கு அடியில் ஓடும் பேஸ் கிதாரும் கீபோர்டும் அதில் காணாமல் போய்விடும், அல் ஜாக்சனின் தட்டல் கொசுச் சத்தமாகிவிடும். சாதாரண ஹெட்ஃபோன் போதும்.

இதற்குப் போட்டியாக நிற்கக்கூடியது 1967 ஜூன் 17 இரவு, கலிஃபோர்னியாவின் மான்டரே பாப் விழாவில் ஓட்டிஸ் பாடியது. பலரும் இதைத்தான் முதலில் பார்க்கிறார்கள், ஏனென்றால் படமாக இருக்கிறது. அன்று அவர் பாடியது மொத்தம் ஐந்து பாட்டு, கடைசிப் பாட்டு இது. எதிரே இருந்தவர்கள் பெரும்பாலும் ராக் இசை கேட்டு வளர்ந்த வெள்ளை இளைஞர்கள். அமெரிக்காவில் அதுவரை கறுப்பின ரசிகர்களிடையேதான் ஓட்டிஸுக்குப் பெரிய பெயர். அந்த இரவோடு அது மாறியது. மினி ஸ்கர்ட் போட்ட பெண்களுக்கெல்லாம் சமர்ப்பணம் என்று சிரித்துக்கொண்டே பாட்டை ஆரம்பிக்கிறார். முடிவு வந்துவிட்டது என்று நினைக்கும்போது மறுபடி எடுக்கிறார், மறுபடியும் எடுக்கிறார். அந்த மனிதரின் உடம்பு எப்படிப் பாட்டாக மாறுகிறது என்று பார்ப்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

இருந்தாலும் இதை இரண்டாவதாகத்தான் வைப்பேன். கூட்டம் கொதித்துக்கொண்டிருக்கிறது, மேடையில் நேரமும் குறைவு, அடக்கமான பகுதி அதற்குரிய நேரத்தை எடுத்துக்கொள்ள முடியவில்லை. குரலும் ஏற்கனவே நான்கு பாட்டுப் பாடிக் கரகரத்திருக்கிறது. முதல் முறை கேட்கிறவர் உச்சத்துக்காகக் காத்திருக்கப் பழகிவிடுவார். அதன் பிறகு ஸ்டுடியோ பதிவைப் போட்டால் "எப்போது சூடு பிடிக்கும்?" என்று கேட்பார். ஸ்டுடியோ பதிவை முன்பே கேட்டவருக்கு மான்டரேயில் அந்தச் சிக்கல் வராது. மனத்தில் முதல் பாதி ஏற்கனவே இருக்கும், அதன் மேல் இந்த உற்சாகம் வந்து உட்காரும்.

அதே ஆண்டு மார்ச்சில் பாரிஸ் ஒலிம்பியா அரங்கில் பாடியதும் ஐரோப்பிய நேரடி ஆல்பத்தில் இருக்கிறது. ஒலி மட்டும் போதும், படம் வேண்டாம் என்பவர்கள் மான்டரேக்குப் பதிலாக இதை எடுத்துக்கொள்ளலாம். கிட்டத்தட்ட அதே தீவிரம்.

அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் நகரத்துப் பதிவைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். 1967 டிசம்பர் 9, "அப்பீட்" என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சியில் ஓட்டிஸ் இதைப் பாடினார். மறுநாள் விஸ்கான்சின் மாநிலம் மேடிசன் அருகே மொனோனா ஏரியில் அவருடைய விமானம் விழுந்தது. அவரோடு பார்-கேஸ் என்ற இளம் இசைக்குழுவில் நான்கு பேரும் போனார்கள். விமானத்தில் இருந்தவர்களில் பிழைத்தவர் டிரம்பெட் வாசித்த பென் காலி ஒருவர்தான். ஓட்டிஸுக்கு வயது 26. இந்தத் தகவல் தெரிந்த பிறகு அந்தப் பதிவை வெறும் பாட்டாகக் கேட்க யாராலும் முடியாது. அதில் அவர் சிரிக்கிற சிரிப்பையும் நாம் வேறு மாதிரிதான் பார்ப்போம். அது பாட்டுக்கும் நியாயமில்லை, அவருக்கும் நியாயமில்லை. அதனால் அதைத் தேடிப் பிடித்து முதலில் பார்க்கிறவர்களை நான் தடுப்பேன். மற்றவை எல்லாம் பழகிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பிறகு வந்தவர்களில் த்ரீ டாக் நைட் குழு 1969இல் ஓட்டிஸின் வடிவத்தை எடுத்துக்கொண்டு ராக் பாட்டாக்கியது. நன்றாகப் பாடியிருக்கிறார்கள், ஆனால் அசல் கையில் இருக்கும்போது தேவைப்படாது. 1991இல் "தி கமிட்மென்ட்ஸ்" படத்தில் ஆண்ட்ரூ ஸ்ட்ராங் என்ற பதின்பருவ இளைஞர் பாடியது அதைவிட மேல். டப்ளின் நகரத்துச் சாதாரணக் குடும்பத்துப் பிள்ளைகள் இந்தப் பாட்டைத் தங்களுடையதாக நினைத்துக்கொள்கிற கதை அது, அந்த உரிமை குரலிலும் கேட்கும். ராப் கேட்கிறவர்களுக்கு வேறு வாசல் இருக்கிறது: 2011இல் ஜே-ஸீயும் கான்யே வெஸ்ட்டும் ஓட்டிஸின் குரலையே வெட்டி ஒட்டி, பாட்டுக்கு "ஓட்டிஸ்" என்றே பெயர் வைத்தார்கள். அது கிராமி விருதும் வாங்கியது. அந்த வழியாக வந்த இளைஞர்களிடம் நான் சொல்வது, அதன் தொடக்கத்தில் கேட்கிற குரல் பிடித்திருந்தால் நேராக 1966க்குப் போங்கள்.

ஆக, ஒரே ஒரு பதிவுக்குத்தான் நேரம் என்றால் 1966 ஸ்டுடியோ பதிவு. ஒரு மாலைப்பொழுது முழுக்க இருக்கிறது என்றால் முதலில் அதையே இரண்டு முறை கேட்டுவிட்டு கிராஸ்பிக்குப் போங்கள், வரிகள் அப்போது தெளிவாகும். பிறகு சாம் குக், அரீத்தா, கடைசியில் மான்டரே. ஆங்கில வரிகள் புரியாமல் பாட்டே கேட்க முடியாது என்கிறவர்கள் மட்டும் கிராஸ்பியை முன்னால் வைத்துக்கொள்ளட்டும்.

கல்யாண வரவேற்பில் போடலாமா என்று கேட்பவர்களுக்கு: போடலாம், ஸ்டுடியோ பதிவாகவே போடுங்கள். ஆனால் தம்பதி மேடைக்கு வரும்போது ஆரம்பித்தால் முதல் நிமிடம் கூட்டத்தின் பேச்சில் கரைந்துவிடும். எல்லோரும் உட்கார்ந்த பிறகு போடுவது நல்லது. பாதியில் நிறுத்த வேண்டி வரும் என்றால் போடாமலே விட்டுவிடலாம்.

குழுவோடு சேர்ந்து மேடையில் பாட நினைப்பவர்கள் உங்களிடம் ஊது வாத்தியம் வாசிக்க ஆள் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் ஓட்டிஸின் வடிவத்துக்குப் போகலாம், அதிலும் டிரம்ஸ் வாசிப்பவர் முதல் சரணம் முடியும் வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்கச் சம்மதிக்க வேண்டும். இல்லையென்றால் பியானோ ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு பழைய மெல்லிசையாகப் பாடுங்கள். அதிலும் இந்தப் பாட்டு நிற்கும்.